ஈயம் இல்லை என்று நான் எழுதிய சீட்டு

அந்தச் சீட்டை லேமினேட் செய்திருந்தார்கள். நான்கு மூலைகளையும் வட்டமாக நறுக்கி, தோல்பையின் முன்னறைக்குள் வழுக்கிக்கொண்டு போகிற அளவில். எங்கள் யூனிட்டின் ஊதா முத்திரை, அதற்குக் கீழே என் கையெழுத்து, மேலே ஐந்து வரிகள். ஈயம்: இல்லை. காட்மியம்: இல்லை. அடுத்து மெக்னீசியத்துக்கும் சோடியத்துக்கும் எண்கள். கடைசி வரியில் K₂O என்று எழுதி, அதற்கு நேரே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய ஓர் எண். முதல் இரண்டு வரிகளுக்கு அடியில் யாரோ சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார்கள். கடைசி வரியை யாரும் தொடவில்லை. என் மாமாவின் கருமாதி அன்று, பந்தலுக்குள், சாப்பிட்டுக் கழுவிய ஈரம் காயாத விரல்களால் ஒரு மனிதர் அதைப் பையிலிருந்து உருவினார். எனக்கு அருவருப்பாக இருந்தது. எதை நினைத்து என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன். ஒன்றைப் பிரித்து, வகைப்படுத்தி, எழுதிவைப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

நான் படித்தது பீங்கான் தொழில்நுட்பம். விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டைகள் செய்கிற சிறிய யூனிட் ஒன்றில் ஆய்வறையைப் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வறை என்றால் ஒரே ஒரு அறை. ஒரு தராசு, உலர்த்துகிற அடுப்பு, கரைசலைச் சுடரில் தெளித்து அதிலுள்ள உப்புகளை அளக்கிற கருவி ஒன்று, சுவரோரம் மண் மூட்டைகள். களிமண்ணோ, அதோடு பீங்கானுக்குச் சேர்க்கிற வெள்ளைக்கல் மாவோ லாரியில் வந்து இறங்கினால் ஒரு கரண்டி அள்ளி என்னிடம் கொடுப்பார்கள். அதில் என்ன, எவ்வளவு என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன். சீட்டு வராமல் முதலாளி மூட்டையின் வாயைப் பிரிக்கவிட மாட்டார். "பாப்பா சீட்டு குடுத்துடுச்சா?" என்பதுதான் எங்கள் கொட்டகையில் ஒரு நாளில் அதிகம் கேட்கிற வாக்கியம். சீட்டு வந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இந்தப் பழக்கத்தை வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாமா.

மாமா என்றால் அப்பாவின் தங்கை கணவர். எங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேப்பூர் போய், ஹைவே ஓரத்து லாரி புக்கிங்கில் இறக்கிவிட்டு வருகிற லோடு ஆட்டோ அவருடையது. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். வண்டி வாங்கிய புதிதில் உரக்கடைக்கு யூரியாவும் பொட்டாஷும் தோளில் தூக்கி ஏற்றியவர். அந்த மூட்டை அழுத்திய தழும்பு வலது தோளில் கடைசிவரை இருந்தது. யார் சொல்வதையும் கேட்காத மனிதர். ஹெல்மெட், சீட் பெல்ட், அத்தை கட்டிக் கொடுக்கும் எலுமிச்சம்பழம் எல்லாமே அவருக்குக் கேலிதான். பெட்டி ஏற்றும்போது ஆட்களிடம், "மெதுவாடா, உள்ள ஒடையுற சாமான் இருக்குது. நான் ஒடையாத சாமான், என் மேல வேணா போடு" என்பார். அவர் வந்து போனால் கொட்டகையில் கொஞ்ச நேரத்துக்குச் சிரிப்புச் சத்தம் மிச்சமிருக்கும்.

வேப்பூரில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சு அடைத்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய், குழாய் விட்டு அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இதயத்தின் தசை கொஞ்சம் சேதமாகிவிட்டது, அது தேற மாதங்கள் ஆகும், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். வேளைக்கு வேளை மாத்திரைகள். நான் பெரிய தாளில் கட்டம் போட்டு, எந்த மாத்திரை எப்போது என்று எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கீழே 'கூடாதவை' என்று தனிக் கட்டம். அதில் டாக்டர் சொன்னபடி இளநீரையும் எழுதினேன். ஏன் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுதிக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

அந்தக் கட்டங்களுக்கு மாமா அடங்கிப்போனதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. இளநீர்க்காரர் தெருவில் கூவிக்கொண்டு போனால் எழுந்து உள்ளே போய்விடுவார். வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்ற வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். பயம் ஒரு மனிதரை இவ்வளவு சாதுவாக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பூண்டு, ஒருவர் மருதம்பட்டை. இன்னொருவர், "எங்க மச்சானுக்கும் இப்புடித்தான்..." என்று தொடங்கி மச்சான் செத்துப்போன கதையை முழுவதும் சொல்லி, டீயும் குடித்துவிட்டுப் போனார். ஒருவர்கூட அவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மாமா எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "எப்ப வண்டி எடுக்கலாம்?"

அதற்குத் துல்லியமாகப் பதில் சொன்ன ஒரே ஆள் மினரல் சார். முன்பு ஏதோ பாலிசி பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது தாதுப்பொடி விற்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான் தெரியும். நாற்பத்தெட்டு நாள் என்றார். ஒரு மண்டலம். கோயிலுக்கு விரதம் இருப்பவர்கள் எண்ணுகிற அதே கணக்கு. அதனால் யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஒரு மண்டலம் தவறாம குடிங்க. நாப்பத்தொம்பதாம் நாளு வண்டியில ஏறுங்க. நானே வந்து சாவி குடுக்கறேன்." மாமாவின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பிறகு செய்ததற்கும் செய்யாததற்கும் அந்த வெளிச்சத்தையே சாக்காகச் சொல்லிக்கொண்டேன்.

கல்யாண மண்டபம் ஒன்றில் அவர் நடத்திய கூட்டத்துக்கு மாமாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் ஒரு கண்ணாடிக் குவளை, இரண்டு கம்பிகள், ஒரு சின்ன பல்பு. வடிகட்டிய தண்ணீரில் கம்பிகளை விட்டார், பல்பு எரியவில்லை. "இதுதான் இப்ப உங்க ஹார்ட்டு." ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக் கலக்கினார், பல்பு எரிந்தது. "இதுதான் நாப்பத்தெட்டாம் நாளு!" கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்த உப்பைப் போட்டாலும் அந்த பல்பு எரியும். ரசம் ஊற்றினாலும் எரியும். பத்தாம் வகுப்புப் பாடம். அந்த மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியாக நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். எழுந்து சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமா திரும்பிப் பார்த்து, "பாத்தியா பாப்பா!" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாய் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

மறுநாள் செய்தித்தாளில் மடித்த ஒரு கரண்டிப் பொடியுடன் மாமா ஆய்வறைக்கு வந்தார். மண்ணைக் கொண்டுவருவார்களே, அதே மாதிரி. "சாரு நல்லாத்தான் சொல்றாரு. ஆனா நீ பாத்து ஒரு சீட்டு குடுத்துடு. ஈயம் கீயம் கலந்து வித்துடப் போறானுங்க." பீங்கான் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் ஈயம்தான் பூச்சாண்டி. ஒரு காலத்தில் மெருகுப் பூச்சில் அது இருந்தது. கைநடுங்கிப் போனவர்களைப் பற்றிய கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் வேலைக்குச் சேர்ந்தோம். பொடியைக் கரைத்து, ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் பார்த்தேன். கரைசல் கறுக்கவில்லை, மஞ்சளாகவும் இல்லை. எனக்கு நிம்மதி. பிறகு பழக்கதோஷத்தில், எந்த மண்ணுக்கும் செய்வதுபோல மற்றதையும் அளந்தேன். சுடர்க் கருவியில் பொட்டாசியத்தின் முள் எல்லையைத் தாண்டி ஓடியது. கரைசலை மேலும் நீர்க்கவைத்து அளந்தேன். இது மட்டும் வெள்ளைக்கல்லாக இருந்தால் முதல் தரம், முதலாளி துள்ளிக் குதிப்பார் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் பொட்டாசியம் நல்ல பிள்ளை. சூளையில் மண்ணை உருகவைத்துக் கெட்டிப்படுத்துவது அதுதான். எவ்வளவு அதிகமோ அவ்வளவு மகிழ்ச்சி. அதை ஆக்சைடாகக் கணக்கிட்டு K₂O என்று எழுதுவதுதான் எங்கள் முறை. பொடிக்கும் அப்படியே எழுதினேன். ஒரு மனிதர் குடிக்கப்போகிற பொருளுக்கு, சூளைக்குள் போகிற பொருளின் சீட்டை எழுதினேன். எங்கள் தொழிலின் விஷங்களை மட்டும் தேடி, அவை இல்லாததால் விஷமே இல்லை என்று முடிவு செய்தேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடிங்க மாமா" என்றும் சொன்னேன். படி இருக்கிறது, பார்த்துப் போங்க என்று சொல்வோமே, அந்த அளவுக்குத்தான் சொன்னேன். "நீ சீட்டு குடுத்தப்புறம் டாக்டர் எதுக்கு" என்று சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். அங்கிருந்து நேராகப் போய் மினரல் சாரிடம் காட்டியிருக்கிறார், பெருமையாக. சார் அதை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மூலச்சீட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "மேடமோட ரிப்போர்ட்டு நாலு பேருக்கு உதவட்டும்" என்றாராம். மாமா அதையும் என்னிடம் வந்து பெருமையாகத்தான் சொன்னார்.

தினம் மூன்று வேளை, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி. முதல் வாரங்களில் தெம்பாக இருக்கிறது என்றார். ஃபிரிட்ஜில் நான் ஒட்டிய தாளிலேயே, மாத்திரைக் கட்டங்களுக்குப் பக்கத்தில், ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை எழுதி நாளுக்கொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். 'கூடாதவை' கட்டத்தில் இளநீர் அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. முப்பதைத் தாண்டியபோது கால் துவள்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றார். அத்தை மினரல் சாருக்கு ஃபோன் செய்தாள். "அது கழிவு வெளியேறுது அக்கா. நிறுத்திடாதீங்க, நிறுத்தினா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்." ஆகவே நிறுத்தவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கழுவுமிடத்திலேயே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில், என் வயதே இருக்கிற ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். அத்தை அப்போது கீழே மருந்துச் சீட்டோடு ஓடியிருந்தாள். "பொட்டாசியம் தாறுமாறா ஏறியிருக்கு. என்ன குடுத்தீங்க வீட்ல? இளநீரா?" என்றார். எனக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சுடர்க் கருவியின் முள்தான் முதலில் ஞாபகம் வந்தது. "மினரல் பவுடர். பொட்டாசியம் உப்பு அதிகம்" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" "நான்தான் டெஸ்ட் பண்ணினேன்." அவர் ஒரே ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை, திட்ட நேரமில்லை. உள்ளே போய்விட்டார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு அந்த டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன்; இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தேவைப்படும். நெஞ்சடைப்புக்குப் பிறகு பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பிலிருந்து எளிதில் வெளியேறவிடாது. இளநீர் வேண்டாம் என்றது அதனால்தான். மாமாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகமும் மந்தமாகியிருந்தது. தாது உப்புகள் உடம்புக்கு வேண்டியவைதான். ரத்தத்தில் குறைந்திருந்தால் டாக்டர்களே கொடுப்பார்கள், அளந்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஏறிய பொட்டாசியம் இதயத்தின் துடிப்பையே நிறுத்திவிடும். சேதமான தசையை மூன்று வேளைப் பொடி ஒட்டவைக்காது. இவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். இதை ஆறு வாரத்துக்கு முன்பு, ஒரு ஃபோனில், நானே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

கருமாதிக்கு மினரல் சார் வெள்ளை வேட்டியில் வந்தார். படத்துக்குப் பூ போட்டார், பந்தியில் உட்கார்ந்து வடையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து மாமாவின் தம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். தம்பிக்கு பிரஷர் உண்டு என்று எப்படித்தான் தெரிந்ததோ. "இன்னும் ஏழே நாளு. ஏழு நாளு தள்ளியிருந்தா மண்டலம் முடிஞ்சிருக்கும், மனுஷன் கல்லு மாதிரி எழுந்திருப்பாரு" என்று சொல்லி உச்சுக்கொட்டினார். உச்சுக்கொட்டிக்கொண்டே பையைத் திறந்து சீட்டை உருவினார். "நம்ம வூட்டுப் பொண்ணு குடுத்த ரிப்போர்ட்டுதான் இது. பாருங்க, ஈயம் இல்ல." நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். "அதக் குடுங்க." அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "தாராளமா வச்சுக்கங்க மேடம். எல்லாம் ஃபோன்ல இருக்குது." அந்த இடத்தில் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். பந்தலில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். சீட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த மனிதர்மேல் எனக்கிருந்த அருவருப்பு எளிமையானது, பூரான் மேல் இருப்பது போல. என்மேல் இருந்தது அப்படிப்பட்டதல்ல. அதற்குக் கால்கள் இல்லை, நசுக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து அத்தையைப் பார்க்கப் போனேன். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் டம்ளர், பக்கத்தில் அந்த டப்பா, கரண்டியால் பொடியைத் தலைதட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்த இது?"

"ரெண்டு டப்பா மிச்சம் இருக்குதுடி. நேத்துலேருந்து குடிக்கிறேன். எனக்குந்தான் நெஞ்சு படபடன்னுது. அவருக்குத்தான் குடுத்துவைக்கல."

"வேணாம் அத்த."

"ஏன்? நீ பாத்துச் சொன்னதுதான?"

அந்த நேரத்தில் என் மனம் எத்தனை வழிகளைக் கண்டுபிடித்தது என்று எண்ணியிருக்கிறேன். டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லலாம். தேதி முடிந்துவிட்டது என்று சொல்லலாம். கைதவறியதுபோல டப்பாவைக் கொட்டிவிடலாம். எதைச் செய்தாலும் அவள் மினரல் சாருக்கு ஃபோன் செய்வாள். அவர் என் சீட்டைக் காட்டுவார். அந்தச் சீட்டைப் பொய்யாக்க என் வாயால் மட்டும்தான் முடியும். அதைச் சொன்னால், மாமாவின் சாவில் என் கை இருந்தது என்றும் சொன்னதாகும். டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி மேடையில் வைத்தேன். உட்காரச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை, நான் அளந்ததை, அளந்தும் புரிந்துகொள்ளாததை, மண்டபத்தில் வாய் திறக்காததைக்கூட, ஒன்று விடாமல் சொன்னேன். என் குரல் ஆடவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தை கடைசிவரை கேட்டாள். பிறகு சீட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். "இதுல எங்க இருக்குது அந்த உப்பு?" கடைசி வரியில் விரல் வைத்தேன். "இதான். பொட்டாசியம். பொட்டாஷ்னு சொல்வாங்கல்ல."

"பொட்டாஷா? கரும்புக்குப் போடுற பொட்டாஷா?"

"அதே உப்புதான் அத்த."

அவள் அந்த K₂O-வை நகத்தால் ஒருமுறை சுரண்டினாள். "அப்புடின்னு எழுதியிருந்தின்னா அவரே தூக்கிக் கடாசியிருப்பாரேடி. தோள்ல செமந்தாரே அத" என்றாள். அழவும் இல்லை, என்னை அடிக்கவும் இல்லை. எழுந்து, டப்பா இரண்டையும் கழுவுமிடத்தில் கவிழ்த்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். மாமா சரிந்த அதே இடம். பொடி மொத்தமும் கரைந்து போகும்வரை இருவரும் நின்று பார்த்தோம். "போயிட்டு வரேன் அத்த" என்றேன். வழக்கமாக "பாத்துப் போ" என்பாள். அன்று திரும்பாமல் காலி டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்றுவரை நான் போனால் சாப்பாடு போடுகிறாள். நிமிர்ந்து பார்ப்பது மட்டும் குறைவு.

சீட்டு இப்போது ஆய்வறையில், என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒருநாள் கிழிக்கப் பார்த்தேன். லேமினேட் செய்தது, கிழியவில்லை. வளைந்து, திரும்பவும் நேராகிக்கொண்டது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது, எடுக்கவில்லை. இப்போதெல்லாம் எந்த மண்ணுக்குச் சீட்டு எழுதினாலும் K₂O என்பதற்குப் பக்கத்தில் தமிழில் பொட்டாஷ் என்று எழுதுகிறேன். "இது என்னா பாப்பா, உரக்கடை பில்லு மாதிரி இருக்குது" என்று முதலாளி சிரிக்கிறார். சிரிக்கட்டும். சீட்டின் முத்திரையில் இருக்கிற எண்ணுக்கு ஃபோன் வருவது நிற்கவில்லை. சென்ற வாரம் நல்லூரிலிருந்து ஒரு பெண். "மேடம், ஈயம் இல்லன்னு ரிப்போர்ட்டு குடுத்தது நீங்கதானே? எங்க அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்குது, குடுக்கலாங்களா?" இழுப்பறையைத் திறந்து, சீட்டை எடுத்து, கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டேன். "நான்தான் குடுத்தேன். குடுக்காதீங்க. அத என் மாமாவுக்குக் குடுத்தோம்" என்று ஆரம்பித்தேன்.